நாலு கெஜத்துக்கு ஒரு வாழ்க்கை: வால்டர் பேட்டனை வைத்து ரன்னிங் பேக்கைப் புரிந்துகொள்வோம்

1975 செப்டம்பர் மாதம், சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டு மைதானம். சிகாகோ பேர்ஸ் அணி அந்த ஆண்டு புதிதாக எடுத்த வால்டர் பேட்டன், தன் முதல் தொழில்முறை ஆட்டத்தில் இறங்கினார். அன்று அவர் கையில் 8 முறை பந்து கொடுக்கப்பட்டது. 8 முறையும் ஓடினார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் முன்னேறிய தூரம் பூஜ்யம். அணி 35-7 என்று தோற்றது.

13 பருவங்கள் ஆடி முடித்து அவர் ஓய்வு பெற்றபோது கணக்கில் இருந்தது 16,726 கெஜம். அதுவரை அந்த ஆட்டத்தில் யாரும் பந்தோடு அத்தனை தூரம் ஓடியதில்லை.

16,726 கெஜம் என்பது ஏறக்குறைய 15 கிலோமீட்டர். தினமும் காலையில் நடக்கப் போகிறவர்கள் மூன்று நாளில் நடந்துவிடும் தூரம். அதற்கு உலகத்தின் மிகச் சிறந்த ஓட்டக்காரர் ஒருவருக்கு 13 ஆண்டுகள் ஏன் ஆயின? இது புரிந்துவிட்டால் ரன்னிங் பேக் என்றால் யார் என்பதும் புரிந்துவிடும். அமெரிக்கக் கால்பந்தை ஒருமுறைகூடப் பார்க்காதவர்களுக்காகவே இதை எழுதுகிறேன், அதனால் விதிகளிலிருந்தே தொடங்குவோம்.

அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்லும் ஆட்டத்தில் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். இரு முனையும் கூம்பிய, பழுப்பு நிறத் தோல் பந்து. திடலின் நீளம் 100 கெஜம். அதன் இரு கோடியிலும் 10 கெஜத்துக்கு எண்ட் சோன் என்ற பகுதி இருக்கிறது. எதிரணியின் எண்ட் சோனுக்குள் பந்தைக் கொண்டுபோய்விட்டால் டச் டவுன், 6 புள்ளிகள். இந்தப் பக்கம் 11 பேர், அந்தப் பக்கம் 11 பேர்.

பந்தை வைத்திருக்கும் அணிக்கு 4 வாய்ப்புகள் உண்டு. ஒவ்வொரு வாய்ப்புக்கும் டவுன் என்று பெயர். அந்த 4 டவுனுக்குள் மொத்தம் 10 கெஜம் முன்னேறிவிட்டால் புதிதாக 4 டவுன் கிடைக்கும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். 10 கெஜம் என்பது பாட்டிமார் கட்டும் ஒன்பது கெஜப் புடவையை நீளவாக்கில் விரித்துப் போட்டு, கூடவே இன்னொரு கெஜம் சேர்த்தால் வரும் தூரம். அவ்வளவுக்குத்தான் 22 பேர் முட்டி மோதுகிறார்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். நாலாவது டவுனில் முயன்று தோற்றால் அதே இடத்தில் எதிரணி ஆடத் தொடங்கும் என்பதால், அணிகள் பெரும்பாலும் அதற்கு முன்பே எச்சரிக்கையாகி, நாலாவது டவுனில் பந்தைத் தூரமாக உதைத்துவிடும். ஆக, நடைமுறையில் கிடைப்பது மூன்று முயற்சிகள்தான். மூன்று முயற்சியில் 10 கெஜம் வேண்டும். ஒரு முயற்சிக்கு 3 கெஜம் போனால் 9-தான், போதாது. 4 கெஜம் போனால் 12, போதும். ஒருவர் ஒவ்வொரு முறையும் 4 கெஜம் ஓடித் தருவார் என்று நம்ப முடிந்தால், அந்த அணி மெல்ல மெல்லத் திடல் முழுவதையும் கடந்துவிடும். அந்த ஒருவர்தான் ரன்னிங் பேக்.

பேட்டன் தன் வாழ்நாளில் பந்தை வாங்கி ஓடியது 3,838 முறை. 16,726-ஐ அதால் வகுத்துப் பாருங்கள், 4.4 கெஜம் வரும். ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரு கட்டிலின் நீளம் இரண்டு மடங்கு போனார், அவ்வளவுதான். எனக்கு இந்த எண் மீது பெரிய மரியாதை உண்டு. 80 கெஜம் ஓடிப் போடும் டச் டவுன்களைத்தான் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். ஆனால் அந்த ஆட்டம் நடப்பது இந்த நாலு நாலு கெஜத்தில்தான்.

சரி, அந்த நாலு கெஜத்துக்குள் என்ன நடக்கிறது?

பந்து தரையில் வைக்கப்பட்டிருக்கும் இடத்தில் ஒரு கற்பனைக் கோடு. அந்தக் கோட்டின் இரு பக்கமும் இரு அணிகளின் மிகப் பெரிய ஆட்கள் மூக்கோடு மூக்கு வைத்தமாதிரி குனிந்து நிற்பார்கள். ஓடும் அணியின் பக்கம் ஐந்து லைன்மேன்கள். இன்றைக்கு அவர்களில் பெரும்பாலோர் 140 கிலோ அளவில் இருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் அணியை நடத்தும் குவார்ட்டர்பேக். அவருக்கும் பின்னால் ரன்னிங் பேக். நடுவில் நிற்கும் லைன்மேன் கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் கொடுப்பார். குவார்ட்டர்பேக் வாங்கித் திரும்பி, ஓடிவரும் ரன்னிங் பேக்கின் வயிற்றோடு அதை அணைத்து வைப்பார். இதற்கு ஹேண்ட்ஆஃப் என்று பெயர்.

தூரம் அளக்கப்படுவது அந்தக் கற்பனைக் கோட்டிலிருந்து. ரன்னிங் பேக் பந்தை வாங்கும் இடமோ அதற்குப் பல கெஜம் பின்னால். ஆகவே கணக்கில் 4 கெஜம் ஏறவேண்டுமானால் அவர் உண்மையில் 8, 10 கெஜம் ஓடியிருக்க வேண்டும். கோட்டைத் தாண்டுவதற்கு முன்பே பிடிபட்டால் கணக்கில் கழித்தல் விழும். பேட்டனின் முதல் ஆட்டத்தில் 8 ஓட்டமும் சேர்ந்து பூஜ்யமானது இப்படித்தான். கொஞ்சம் போனார், கொஞ்சம் பின்னால் தள்ளப்பட்டார்.

ஐந்து லைன்மேன்களும் எதிரே நிற்பவர்களைப் பக்கவாட்டில் தள்ளி ஒரு சந்து திறப்பார்கள். அந்தச் சந்து ஒரு நொடிகூடத் திறந்திருக்காது. இன்ன சந்து என்று முன்கூட்டியே திட்டமிட்டிருந்தாலும் அது திறக்குமா என்பது நிச்சயமில்லை. ஓடிக்கொண்டே இருக்கும்போதே, அடைந்துவிட்டது என்று கண்டு, பக்கத்தில் திறக்கிற இன்னொன்றுக்குள் உடம்பைத் திருப்ப வேண்டும். இதை அங்கே பார்வை என்ற பொருளில் விஷன் என்கிறார்கள். வேகத்தைவிட இதைத்தான் பயிற்சியாளர்கள் முதலில் தேடுவார்கள். ஓட்டப் பந்தயத்தில் வென்ற எத்தனையோ பேர் இந்த இடத்தில் நிற்க முடியாமல் போயிருக்கிறார்கள்.

அந்த வேலையிலேயே வகைகள் உண்டு. பழைய முறையில் இரண்டு பேர் பின்னால் நிற்பார்கள். ஃபுல்பேக் என்பவர் முன்னால் ஓடி வழியில் வருகிறவரை மோதித் தள்ளுவார். ஹாஃப்பேக் என்பவர் அவர் முதுகை ஒட்டிப் பந்தோடு வருவார். பேட்டன் ஹாஃப்பேக். தொடக்க ஆண்டுகளில் ரோலண்ட் ஹார்ப்பரும், பிறகு மேட் சூயியும் அவருக்கு முன்னால் ஓடிய ஃபுல்பேக்குகள். சூயியின் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் வருவார்.

ஓடுவதோடு வேலை முடிவதில்லை. குவார்ட்டர்பேக் பந்தை எறியத் தயாராகும்போது எதிரணியிலிருந்து சிலர் அவரைச் சாய்க்கப் பாய்ந்து வருவார்கள். இது பிளிட்ஸ். லைன்மேன்களைத் தாண்டி வருகிறவரை நெஞ்சில் வாங்கி நிறுத்த வேண்டியவர் ரன்னிங் பேக். கையில் பந்து இருக்காது, கணக்கில் எதுவும் ஏறாது, பார்ப்பவர்கள் கண்ணும் அங்கே இருக்காது. பேட்டன் இதில் பெயர் பெற்றவர். 90 கிலோ உடம்பை வைத்துக்கொண்டு தன்னைவிடப் பெரியவர்களை மோதிக் கீழே கிடத்தினார். பந்தைப் பிடிக்கவும் தெரியும்: 492 முறை பிடித்து 4,538 கெஜம் போனார். எறியவும் தெரியும்: 8 டச் டவுன்கள் அவர் எறிந்ததில் வந்தவை. 1984-ல் அணியின் குவார்ட்டர்பேக்குகள் வரிசையாகக் காயம்பட்டபோது, கிரீன் பே பேக்கர்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் அவரே சிறிது நேரம் அந்த இடத்தில் நின்றார்.

இவ்வளவும் கற்றுக்கொண்டு வந்த இடம் எது? மிசிசிப்பி மாநிலத்தின் கொலம்பியா என்ற சிறிய ஊர். வால்டருக்கு முதலில் ஆட்டத்தைவிட இசையில்தான் நாட்டம். பள்ளியின் பேண்டில் முரசு அடித்தார். அண்ணன் எடி பள்ளி அணியில் ஆடிக்கொண்டிருந்தார், அவர் படிப்பை முடித்துப் போன பிறகுதான் தம்பி அணியில் சேர்ந்தார். அப்போது அவர் படித்தது கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று தனியாக இருந்த ஜெஃபர்சன் பள்ளியில். 1970-ல் ஊரின் பள்ளிகள் ஒன்றாக்கப்பட்டன. கடைசி ஆண்டு கொலம்பியா உயர்நிலைப் பள்ளி அணியில் வெள்ளைப் பிள்ளைகளோடு சேர்ந்து ஆடினார். அவர் அவ்வளவு நன்றாக ஆடியும் தென்பகுதியின் பெரிய பல்கலைக்கழகங்களிலிருந்து அழைப்பு வரவில்லை. அண்ணன் போன ஜாக்சன் ஸ்டேட் என்ற கறுப்பினப் பல்கலைக்கழகத்துக்கே தம்பியும் போனார்.

அங்கே அவருக்குப் பயிற்சியாளராக வாய்த்தவர் பாப் ஹில். அவர் சொல்லிக்கொடுத்ததன் சாரம் இதுதான்: எப்படியும் உன்னைக் கீழே தள்ளத்தான் போகிறார்கள். சும்மா விழாதே, தள்ளுகிறவனுக்கும் வலிக்கட்டும். பேட்டனின் ஆட்டம் முழுவதும் இந்த ஒரு பாடத்தின் மேல்தான் நின்றது.

இதன் பொருளைப் புரிந்துகொள்ள திடலின் ஓரக் கோட்டைப் பார்க்க வேண்டும். பந்தோடு ஓடுகிறவர் பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டினால் அந்த டவுன் முடிந்துவிடும், மேற்கொண்டு யாரும் அவரைத் தொடக்கூடாது. அதனால் இரண்டு மூன்று பேர் நெருங்கி வரும்போது பல ரன்னிங் பேக்குகள் ஓரமாக ஒதுங்கிக் கோட்டுக்கு வெளியே கால் வைத்துவிடுவார்கள். புத்திசாலித்தனமான செயல்தான், அதில் குறை காண ஒன்றுமில்லை. பேட்டன் அதைச் செய்ய மாட்டார். கோட்டின் ஓரத்தில் உள்பக்கமாகத் திரும்பி, வருகிறவர் மீது தானே போய் மோதுவார். அல்லது ஒரு கையை விறைப்பாக நீட்டி எதிராளியின் தலைக்கவசத்திலோ நெஞ்சிலோ ஊன்றித் தள்ளுவார். ஸ்டிஃப் ஆர்ம் என்ற இந்த உத்தி எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அவர் கையில் அது ஒரு அடியாகவே மாறியது. இன்னொரு பழக்கமும் இருந்தது. வெட்டவெளியில் ஓடும்போது முழங்காலை மடக்காமல் கால்களை நேராக வீசி, குதிரை நடைபோல ஒரு ஓட்டம் ஓடுவார். துரத்துகிறவருக்கு எந்த அடியில் திரும்புவார் என்று கணிக்கவே முடியாது.

இவ்வளவு முரட்டு ஆட்டக்காரருக்கு வைத்த பெயர் ஸ்வீட்னெஸ், அதாவது இனிமை. மெல்லிய குரல், எப்போதும் விளையாட்டுப் பேச்சு. தன்னைச் சாய்த்தவரையே கைகொடுத்துத் தூக்கிவிடுவார். டச் டவுன் போட்டால் ஆட்டம் பாட்டம் கிடையாது, பந்தைத் தன் லைன்மேனிடமோ நடுவரிடமோ கொடுத்துவிட்டு நடந்துவிடுவார்.

உடம்பை அவர் தயார் செய்த விதம் வேறு. சிறுவயதில் பேர்ல் ஆற்றங்கரை மணலில் ஓடிப் பழகியவர். மணலில் கால் புதையும், இழுத்து இழுத்து ஓட வேண்டும், திரும்பும்போது வழுக்கும். சிகாகோவுக்கு வந்த பிறகு மணல் இல்லை. ஆர்லிங்டன் ஹைட்ஸ் என்ற புறநகரில் செங்குத்தான ஒரு மேட்டைக் கண்டுபிடித்தார். பருவம் தொடங்குமுன் அதில் ஏறி ஏறி இறங்குவார். கூட ஓட வந்த தொழில்முறை வீரர்கள் பலர் பாதியில் வாந்தியெடுத்து உட்கார்ந்துவிடுவார்களாம். அந்த மேடு இன்றும் அவர் பெயரால்தான் அறியப்படுகிறது. 13 பருவங்களில் அவர் ஆடாமல் விட்டது ஒரே ஒரு ஆட்டம், அதுவும் முதல் ஆண்டில். அந்த மேட்டைப் பற்றித் தெரியாவிட்டால் இந்த எண்ணை நம்பவே முடியாது.

1977 அவருடைய ஆண்டு. அப்போது பருவத்துக்கு 14 ஆட்டங்கள்தான். அதில் 1,852 கெஜம் ஓடி, என்.எஃப்.எல். என்ற அந்தத் தொழில்முறை லீகின் மிக மதிப்புமிக்க வீரர் விருதைப் பெற்றார். அந்த நவம்பர் 20-ஆம் தேதி மினசோட்டா வைக்கிங்ஸ் அணியோடு ஆட்டம். பேட்டனுக்கு ஃப்ளூ காய்ச்சல். ஆடுவாரா என்பதே சந்தேகம். அன்று 40 முறை பந்தை வாங்கி 275 கெஜம் ஓடினார். ஒரே ஆட்டத்தில் அதிகம் ஓடியவர் என்ற பெயர் அதற்கு முந்தைய ஆண்டுதான் ஓ.ஜே. சிம்ப்சனுக்கு 273 கெஜத்தில் கிடைத்திருந்தது. அதை 2 கெஜத்தில் தாண்டினார். 2000-ஆம் ஆண்டு வரை அந்தச் சாதனை நின்றது. இவ்வளவு ஓடியும் ஆட்டம் 10-7 என்றுதான் முடிந்தது என்பதைக் கவனியுங்கள். அணியில் வேறு பலம் இல்லை. எதிரணியில் 11 பேருக்கும் பந்து யாரிடம் வரப்போகிறது என்று தெரியும், தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

தன் முதல் ஒன்பது ஆண்டுகளில் பேட்டன் கண்டது பெரும்பாலும் இதுதான். அவர் நன்றாக ஓடுவார், அணி தோற்கும். அடுத்த ஆட்டத்தில் மறுபடி ஓடுவார்.

1984 அக்டோபர் 7-ஆம் தேதி, நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணிக்கு எதிராக, அதுவரை வாழ்நாள் கணக்கில் முதலிடத்தில் இருந்த ஜிம் பிரவுனின் 12,312 கெஜத்தைத் தாண்டினார். அதிபர் ரேகன் விமானத்திலிருந்து தொலைபேசியில் வாழ்த்தினார். இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரவுன் ஆடியது 9 பருவங்கள்தான், ஆட்டங்களும் அன்று குறைவு. அவருடைய சராசரி ஓட்டத்துக்கு 5.2 கெஜம், பேட்டனைவிட அதிகம். 30 வயதில், உச்சத்தில் இருக்கும்போதே, நிறுத்திவிட்டுப் போனார். யார் பெரியவர் என்று கேட்டால் எனக்கு ஓட்டத்தில் பிரவுன்தான். ரன்னிங் பேக் செய்யவேண்டிய அத்தனை வேலையையும் சேர்த்துக் கேட்டால் பேட்டன்.

1985-ல்தான் அணி கூடிவந்தது. பயிற்சியாளர் மைக் டிட்கா, குவார்ட்டர்பேக் ஜிம் மக்மேன், இன்றும் பேசப்படும் ஒரு தடுப்பாட்ட அணி. பேட்டனுக்கு முன்னால் சந்து திறந்த ஐந்து லைன்மேன்களின் பெயரையும் இங்கே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இவர்கள் பெயரைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை: ஜிம்போ கோவர்ட், மார்க் போர்ட்ஸ், ஜே ஹில்கன்பர்க், டாம் தேயர், கீத் வான் ஹார்ன். அந்தப் பருவத்தில் பேர்ஸ் 16 ஆட்டங்களில் 15-ஐ வென்றது.

1986 ஜனவரி 26, நியூ ஆர்லியன்ஸ் நகரம், லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல், அதில் 20-வது. பேர்ஸ் 46, நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 10. பதினோரு ஆண்டுகள் காத்திருந்த மனிதருக்கு அந்த நாள் எப்படி இருந்திருக்க வேண்டும்? ஆட்டத்தின் இரண்டாவது முயற்சியிலேயே பந்து அவர் கையிலிருந்து நழுவியது. ஃபம்பிள் என்ற இதுதான் ஒரு ரன்னிங் பேக்குக்கு நடக்கக்கூடாத விஷயம். எதிரணி அதைக் கைப்பற்றி, பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்து முதல் 3 புள்ளிகளை எடுத்தது. அதன் பிறகும் பேட்ரியட்ஸின் கண் முழுக்க அவர் மேல்தான். அவர் எந்தப் பக்கம் அசைந்தாலும் இரண்டு மூன்று பேர் கூடவே போனார்கள். அதனால்தான் மற்றவர்களுக்கு வழி கிடைத்தது. 22 முறை ஓடி 61 கெஜம். டச் டவுன் ஒன்றுகூட இல்லை.

எதிரணிக் கோட்டுக்கு ஒரே கெஜம் மட்டும் இருந்த ஒரு தருணத்தில் டிட்கா பந்தை வில்லியம் பெரியிடம் கொடுக்கச் சொன்னார். ஃப்ரிட்ஜ் என்ற பட்டப்பெயர் கொண்ட, 140 கிலோ எடையுள்ள, தடுப்பாட்ட அணியின் புது வீரர். மக்கள் அவரை ரசித்தார்கள், அவர் மோதிப் புகுந்து டச் டவுன் போட்டார். அரங்கமே கொண்டாடியது. 11 ஆண்டுகள் அந்த அணியைத் தோளில் சுமந்தவருக்கு அந்த வாய்ப்பு வரவில்லை. ஆட்டம் முடிந்ததும் பேட்டன் மனம் உடைந்திருந்தார், மற்றவர்களோடு கொண்டாட வரவில்லை. தன் வாழ்க்கையில் பெரிதாக வருந்தும் விஷயங்களில் இதுவும் ஒன்று என்று டிட்கா பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். நான் டிட்காவைக் குற்றம் சொல்ல மாட்டேன்; ஆட்ட வேகத்தில் யாருக்கும் அது தோன்றாமல் போகலாம். ஆனாலும் அந்த ஒரு கெஜத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடுகிறது. ஆயிரக்கணக்கான முறை நாலு நாலு கெஜமாக உழைத்தவருக்கு அந்த ஒரு கெஜம் கிடைத்திருக்கலாம்.

இனி இந்தத் தொழிலின் கடுமையான பக்கம். பேட்டன் பந்தை வாங்கி ஓடியது 3,838 முறை, எறிந்த பந்தைப் பிடித்தது 492 முறை. கூட்டினால் 4,330. ஏறக்குறைய ஒவ்வொன்றும் யாராவது அவரை மோதி வீழ்த்துவதில் முடிந்தது. பிளிட்ஸைத் தடுக்க மோதியவை இதில் சேராது. உடம்பு எத்தனை நாள் தாங்கும்? பெரும்பாலான ரன்னிங் பேக்குகளுக்கு மூன்று நான்கு பருவங்களிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. 30 வயதைத் தாண்டி ஓடுபவர்கள் அரிது.

பேட்டனுக்கு முன்னால் அதே பேர்ஸ் அணியில் கேல் சேயர்ஸ் இருந்தார். 1965-ல் ஒரே ஆட்டத்தில் 6 டச் டவுன் போட்டவர். 1968-ல் முழங்கால் போனது, மொத்தம் 68 ஆட்டங்களோடு முடிந்துவிட்டது. 34 வயதில் அவரை, இந்த ஆட்டத்தின் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் புகழ்மன்றத்தில் சேர்த்தார்கள், அவ்வளவு இளம் வயதில் வேறு யாரும் சேர்ந்ததில்லை. டென்வர் அணியின் டெரல் டேவிஸ் 1998-ல் 2,008 கெஜம் ஓடினார். அடுத்த ஆண்டு நான்காவது ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்தது, அதன் பிறகு பழைய டேவிஸைப் பார்க்க முடியவில்லை. ஹூஸ்டனின் ஏர்ல் கேம்பல் யாரையும் மோதித் தள்ளுகிற மலை மாதிரி மனிதர். பிற்காலத்தில் நடக்கவே சிரமப்பட்டார். டெட்ராய்ட்டின் பேரி சாண்டர்ஸ் 15,269 கெஜத்தில் இருந்தார், பேட்டனைத் தாண்ட இன்னும் ஒரு நல்ல பருவம் போதும். 1999-ல் தன் சொந்த ஊர் விச்சிட்டாவின் செய்தித்தாளுக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டு ஓய்வு பெற்றுவிட்டார். காயம் எதுவும் இல்லை. ஆடும் ஆசை போய்விட்டது என்றார். நான் மதிக்கும் முடிவுகளில் அதுவும் ஒன்று.

இந்தக் குறுகிய ஆயுள் சம்பளத்திலும் தெரிகிறது. கல்லூரியிலிருந்து வருகிறவருக்கு முதல் ஒப்பந்தத்தின் தொகையும் காலமும் ஏறக்குறைய முன்பே முடிவானவை. பொதுவாக 4 ஆண்டுகள். உடம்பு புதிதாக இருக்கும் அந்தக் காலத்தில்தான் அவர் மிக நன்றாக ஓடுவார், அப்போது சம்பளம் குறைவு. ஒப்பந்தம் முடிந்து நல்ல தொகை கேட்கும் நேரத்தில், இவர் தேய்ந்துவிட்டார் என்று அணிகள் தயங்கும். ஃபிராஞ்சைஸ் டேக் என்ற விதியைக் காட்டி இன்னும் ஓராண்டு மட்டும் நிறுத்திவைக்கும். ஆட்டமும் பந்தை எறிவதன் பக்கம் சாய்ந்துவிட்டது. 2013, 2014 இரண்டு ஆண்டுகளிலும் புது வீரர்கள் தேர்வின் முதல் சுற்றில் ஒரு ரன்னிங் பேக்கைக்கூட எந்த அணியும் எடுக்கவில்லை. 2023 கோடையில் சேக்வான் பார்க்லி, ஜாஷ் ஜேக்கப்ஸ் போன்ற முன்னணி வீரர்களுக்கே நீண்ட ஒப்பந்தம் கிடைக்காமல் போனபோது, ரன்னிங் பேக்குகள் இணையவழியில் கூடித் தங்கள் நிலையைப் பேசினார்கள்.

அப்புறம் என்ன நடந்தது என்பது எனக்குப் பிடித்த கதை. 2024-ல் பார்க்லி நியூயார்க் ஜயன்ட்ஸை விட்டு ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்குப் போனார். அந்தப் பருவத்தில் 2,005 கெஜம் ஓடினார். 2025 பிப்ரவரியில், தன் 28-வது பிறந்தநாளன்று, சூப்பர் பவுலை வென்ற அணியில் நின்றார். நல்ல லைன்மேன்களுக்குப் பின்னால் நல்ல ரன்னிங் பேக் ஒருவரை நிறுத்தினால் இன்றும் ஆட்டத்தைப் புரட்டலாம் என்று அணிகளுக்கு மறுபடி நினைவு வந்தது.

பேட்டனிடம் திரும்புவோம். 1993-ல் புகழ்மன்றத்தில் சேர்ந்தபோது மேடையில் அவரை அறிமுகப்படுத்தியவர் சிறுவனாக இருந்த அவர் மகன் ஜாரட். 1999 பிப்ரவரியில், எலும்பும் தோலுமாக, செய்தியாளர்கள் முன் வந்து அமர்ந்தார். பித்தநாளங்களைச் சிதைக்கும் ஓர் அரிய ஈரல் நோய், மாற்று ஈரல் தேவை என்று சொன்னார். பிறகு பித்தநாளத்தில் புற்றுநோய் தெரிந்தது, மாற்று அறுவைக்கு வழியில்லாமல் போயிற்று. உறுப்பு தானம் செய்யுங்கள் என்று கடைசிவரை மற்றவர்களுக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மாதங்களில் அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போய், கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர் மேட் சூயி. திடலில் முன்னால் ஓடி வழி திறந்த அதே ஃபுல்பேக். 1999 நவம்பர் 1-ஆம் தேதி பேட்டன் காலமானார்.

சமூகத்துக்கு உழைக்கும் வீரருக்கு லீக் ஆண்டுதோறும் தரும் விருதை 1977-ல் அவரே வாங்கியிருந்தார். இன்று அது வால்டர் பேட்டன் விருது. 16,726 என்ற எண்ணை 2002 அக்டோபரில் டாலஸ் அணியின் எம்மிட் ஸ்மித் தாண்டினார், 18,355-ல் போய் நிறுத்தினார். பேட்டன் இன்றும் இரண்டாவது.

ஆனால் அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது அவருடைய கடைசி ஆட்டம். 1988 ஜனவரி 10, அதே சோல்ஜர் ஃபீல்டு, உறையும் குளிர். வாஷிங்டன் அணி 21-17 என்று முன்னால் இருந்தது. பேட்டன் அன்று 18 முறை ஓடி 85 கெஜம் எடுத்திருந்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் பேர்ஸுக்கு நாலாவது டவுன், தேவை 8 கெஜம். மக்மேன் எறிந்த குட்டைப் பந்தைப் பேட்டன் வாங்கி ஓடினார். 7 கெஜம் போனார். வாழ்நாளெல்லாம் தானாகத் தாண்ட மறுத்த அந்த ஓரக் கோட்டுக்கு வெளியே அவரைத் தள்ளிவிட்டார்கள். ஒரு கெஜம் குறைந்தது.

எல்லோரும் போன பிறகும் அவர் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல், குனிந்த தலையோடு பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.